மூன்றாம் வகுப்புக் கன்னம்

போன ஞாயிற்றுக்கிழமை சிலிபினில் ஒரு புது சலூனுக்குப் போனேன். பாதி சவரத்தில் சலூன்காரர் கத்தியை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, தாடியெல்லாம் நேரா இருக்கு. எடது கன்னத்துல மட்டும் சுருட்டையா இருக்கே?"

அது தாடி இல்லை, மார்பு முடி என்று சொன்னேன். அவர் என் முகத்தையும் சட்டைப் பித்தானையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம்... அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பத்து வருஷம் ஆகிறது. கன்னத்துக்குள் ஒரு கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தார்கள். கட்டியோடு கன்னமும் போய்விட்டது! அந்த ஓட்டையை மூட, மார்புத் தோலைப் பட்டையாக உரித்து மேலே கொண்டுவந்து தைத்தார்கள். பட்டையின் ஒரு நுனி கன்னத்தில், மறுநுனி மார்பிலேயே. மூன்று வாரம் அப்படியே கிடக்க வேண்டும். அதற்குள் கன்னத்து ரத்தம் தோலுக்குள் ஓடப் பழகிவிடும். பிறகு பட்டையை அறுத்துவிடுவார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. தலை அசையக் கூடாது. அசைந்தால் பட்டை மடங்கும், ரத்தம் நிற்கும், தோல் சாகும். செத்தால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். குடிக்கிற காப்பி கன்னத்து வழியாகச் சட்டைக்கு வரும்.

என் மச்சான் அரசாங்க ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. நான் எட்டிப் பார்க்கவும் கூச்சப்படும் கதவுகளை அவர் தட்டாமலே திறப்பார். யாரையோ பிடித்து எனக்கு முதல் வகுப்பு அறை வாங்கிவிட்டார். தனிக் காற்றாடி, தனிக் குளியலறை. கதவை வேறு மூடிவைக்கச் சைகை காட்டினேன். அது என் வெட்கம்.

அறையைப் பார்க்கவே ஒரு கூட்டம் வந்தது. பாகான் டத்தோவிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். என்னை விசாரித்த நேரத்தைவிடக் குளியலறைக் குழாயைத் திருகிப் பார்த்த நேரம் அதிகம்.

எனக்கு வாயில் கட்டு, மூக்கில் குழாய். பேச முடியாது. ஆனால் வந்தவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? நமக்குத்தான் தலை இருக்கிறதே! 'வாங்க' என்பதற்கு ஓர் ஆட்டு. 'பரவால்ல' என்பதற்கு ஓர் ஆட்டு. 'போய்ட்டு வாங்க' என்பதற்கு இன்னோர் ஆட்டு. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்திருந்தார்கள். மூட்டையை நகர்த்திக்கொண்டு மரியாதை செய்தேன்.

நாலாம் நாள் சிஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்து அம்மா. தோலை விரலால் அமுக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"தலையை ஆட்டாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

தவறு செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள... தலையை ஆட்டினேன்.

டாக்டர் ஓடிவந்து இரண்டு தையலைத் தளர்த்தினார். பட்டை நீலம் பாரித்திருந்தது. இந்த ஆளை நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் மூன்றாம் வகுப்பு வார்டில், தாதியர் மேசைக்குப் பக்கத்தில் கிடந்தேன். வரிசையாகக் கட்டில்கள். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் சுங்காய்த் தோட்டத்து மண்டோர், வேலையாட்களை மேற்பார்க்கிறவர். கால் ஒடிந்து கப்பியில் தொங்கியது. ஆயுசு முழுக்க ரப்பர் மரத்தில் பால் வெட்டுக்காரர்கள் பட்டையைக் காயப்படுத்திவிட்டார்களா என்று பார்த்தவர். இப்போது பார்க்க மரம் இல்லை. நான் கிடைத்தேன்.

காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம் என் தோலைப் பார்த்து வார்டுக்கே அறிவிப்பார். "பட்டை நல்லாருக்கு." எதிர்க் கட்டில் சீனக் கிழவர் கட்டைவிரலை உயர்த்துவார். எனக்கும் ஒரு சட்டம் போட்டார். ஆமாம் என்றால் ஒரு விரல், இல்லை என்றால் இரண்டு விரல். தலைக்கு லீவு.

ஒருநாள் மத்தியானம் நான் அயர்ந்து தூங்கும்போது தலையணை நழுவிவிட்டது. எனக்குத் தெரியாது. மண்டோர்தான் பார்த்திருக்கிறார். "சிஸ்டர், காலைல செம்பு நெறம். இப்ப மங்குது. வந்து பாருங்க லா." நம் ஆட்களின் மாநிறத்தில் மங்கலைக் கண்டுபிடிக்க எப்படிப்பட்ட கண் வேண்டும்! சிஸ்டர் வந்து மடிப்பை நிமிர்த்தினார். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பிவிட்டது.

அதே டாக்டர்தான், அதே கத்திதான், அதே தோல்தான். மாறியது கட்டில் மட்டும். தனி அறையில் நான் பெரிய மனிதன். இங்கே நான் எல்லாருடைய கன்னம்.

மச்சானுக்கு இது பொறுக்கவில்லை. மறுநாள் வந்தார். வார்டைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். மானம் போகிறதாம். ஆஸ்பத்திரிப் பெரியவரிடம் பேசிவிட்டாராம், அறை காலியாகத்தான் இருக்கிறதாம்.

"நீ சொல்லு மச்சான். ரூமுக்கே போலாம்தானே?"

கல்யாணமான நாளிலிருந்து மச்சான் கேட்டதற்கெல்லாம் ஆட்டிய தலை இது. பழக்கத்தில் கழுத்து நரம்பு விறைத்தது. மணல் மூட்டை லேசாக நகர்ந்தது.

"ஆட்டாதே," என்றார் மண்டோர்.

"ஆட்டாதீங்க அண்ணே," என்றது கடைசிக் கட்டில்.

வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையைப் பார்த்தது. போர்வைக்கு மேல் மெல்ல ஒரு விரலைத் தூக்கினேன். மச்சான் முகம் மலர்ந்தது.

பிறகு இரண்டாவதையும் தூக்கினேன்.

மண்டோர் மச்சானிடம் அதற்கு அர்த்தம் சொன்னார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். மச்சான் கொண்டுவந்த ஆரஞ்சை வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் வரவில்லை.

மூன்று வாரத்தில் பட்டையை அறுத்தார்கள். கன்னம் பிழைத்துவிட்டது. காப்பி இன்றுவரை வயிற்றுக்குத்தான் போகிறது. முடி மட்டும் இன்னும் தன்னை மார்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது.

மச்சான் இப்போதும் ஏதாவது கேட்க வீட்டுக்கு வருவார்... என் முகத்தைப் பார்ப்பதில்லை, விரல்களைத்தான் பார்க்கிறார்.