புகார் கூடிய வருஷம்

நாகலூர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏற்காடு திரும்பும் மாலை பஸ்ஸில் ஒருவன் தினமும் என்னை உரசி நிற்பான். நான் நகர்ந்துகொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை.

அதே பஸ்ஸில் காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் ஓர் அம்மா வருவார். மெலிந்த உருவம், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. பக்கத்து இருக்கையில் பையை வைத்து, தனியாக ஏறும் பெண்களுக்கு இடம் பிடித்துத் தருவார். ஒருநாள் என்னை உட்காரவைத்தார்.

"ஏனுங்க டீச்சர், அவன் உங்களையும் ஒரசறானுங்களா?"

ஆமென்று தலையசைத்தேன். "இந்தப் பக்கம் பெண்கள்கிட்டேருந்து புகாரே வர்றதில்லைன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே" என்றேன்.

"நீங்க எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்லைங்க."

"என்னையுந்தான் ஒரசுனான். நானும் குடுக்கலீங்க. அப்பறம் எப்படிங்க கணக்குல வரும்? வாங்க, ரெண்டு பேரும் போலாம்."

இறங்கியதும் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். மனு எழுதியது நான்; முதல் கையெழுத்து அவருடையது. மறுவாரம் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதன்பின் அவன் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. எங்களைப் பார்த்து இன்னும் சில பெண்களும் தங்களுக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த வருஷம் மலையில் பெண்களின் புகார்கள் கூடிவிட்டதாகச் செய்தி வந்தது. அங்கே பாதுகாப்பே இல்லை போலிருக்கிறதே என்று சேலத்திலிருந்து என் அம்மா பதறிப்போய் போன் செய்தாள். ஓடும் பஸ்ஸில் அந்த எஸ்டேட் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த நான், போன் மணி அடித்த பிறகுதான் கண் விழித்தேன்.