அனந்தமதி கேட்காத பாட்டு

அந்த வருஷம் செஞ்சிக் கடைத்தெருவில் சந்திரப்பிரபு நயினாரைக் கேலி செய்யாத வாயே இல்லை. மனுஷனுக்கு அறுபது தாண்டியாயிற்று. கோயில் திருவிழாவா, கல்யாண ஊஞ்சலா, தேர்தல் கூட்டமா, எதுவானாலும் தானே பாட்டுக் கட்டித் தானே பாடிப் பேரெடுத்தவர். அப்பேர்ப்பட்டவர் பேரன் பேத்தி எடுக்கிற வயதில் மெட்ராஸுக்குப் போய், கிட்டாரும் பாங்கோவும் வைத்து நாலு காதல் பாட்டு ரிக்கார்டு கொடுத்துவிட்டு வந்தால் ஊர் சும்மா விடுமா?

“இன்னா நயினாரே, தல நரைச்ச பொறவு மைனராயிட்டீங்களா?” என்று பச்சமுத்து கேட்டான். கல்யாணம் காதுகுத்துக்கு வாடகைக்கு ரேடியோ செட்டுக் கட்டுகிறவன் அவன். ஆனால் ரிக்கார்டை முதலில் வாங்கியதும் அவன்தான். ‘எங்கே ஒளிஞ்சே’ என்ற பாட்டை அவன் ஒலிபெருக்கியில் போட்ட நாளிலிருந்து பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள்கூட அதைச் சீட்டியடித்தார்கள்.

*எங்கே ஒளிஞ்சே, நான் தோத்துப் போனேன்,*
*வெளியே வாடி, வெளையாட்டு போதும்.*

யாரோ ஒரு குமரியைத்தான் கிழவர் கூப்பிடுகிறார் என்று ஊர் கண்ணடித்துச் சிரித்தது. அடப் பாவிகளா, அது காதல் பாட்டே இல்லை. அது செத்துப்போன குழந்தையைத் தகப்பன் கூப்பிடுகிற பாட்டு.

நயினாருக்கு மருதேவி ஒரே மகள். ஒளிந்து விளையாடுவதில் எமகாதகி. நெல் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாளென்றால், “தோத்துட்டேன்” என்று அவர் வாய்விட்டுச் சொன்னால்தான் வெளியே வருவாள். அதுவரைக்கும் அம்மா அதட்டினாலும் சரி, வயிறு பசித்தாலும் சரி, மூச்சுக் காட்டமாட்டாள். பல வருஷத்துக்கு முன்னால், எட்டு வயதில் விஷக்காய்ச்சல் வந்து ஒரே ராத்திரியில் போய்விட்டாள். அன்றைக்கு நயினார் தொண்டூரில் ஒரு கல்யாண வீட்டில் பாடிக்கொண்டிருந்தார். ஆள் வந்து சொல்லி, அவர் ஓடிவந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ரொம்பப் பிடித்த ஒன்றை ஆயுளுக்கும் விட்டுவிடுவது அவர்கள் சமணக் குடும்பங்களில் வழக்கம். சிலர் வெல்லத்தை விடுவார்கள், சிலர் பாலை விடுவார்கள். மகள் போன பிறகு அவர் மனைவி அனந்தமதி மேல்சித்தாமூருக்குப் போனாள். அங்கே சமண மடத்தில் தங்கியிருந்த முனிவர் முன்னால் கைகூப்பி நின்று, இனிமேல் பாட்டுக் கேட்பதில்லை என்று நியமம் எடுத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கட்டிய எந்தப் பாட்டையும் முதலில் கேட்டவள் அவள்தான். துக்கத்தில் செய்தாளா, அவர்மேல் இருந்த கோபத்தில் செய்தாளா என்று நயினார் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

அதற்கப்புறம் வீட்டுக்குள் அவர் முனகியதுகூடக் கிடையாது. தெருவில் மேளம் வந்தால் அவள் பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் வயல்வெளியில் பாட்டுக் கட்டினார், வெளியூரில் பாடினார், வீட்டுக்கு வந்தால் வாயை மூடிக்கொண்டார். மகளைப் பற்றிய இந்தப் பாட்டை மட்டும் எங்கேயும் பாடவில்லை. யாரிடம் பாடுவார்? அது யாரைப் பற்றி என்று உலகத்தில் தெரியக்கூடிய ஒரே ஜீவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மெட்ராஸ் ரிக்கார்டு கம்பெனியில் அதை ஒப்பாரி மாதிரி மெதுவாகத்தான் பாடிக் காட்டினார். வாத்தியக்காரர்களை நடத்திய இளவட்டப் பையன், “இப்படி இழுத்தா யாரும் வாங்க மாட்டாங்க, பெரியவரே” என்று சொல்லி நடையை இரண்டு மடங்கு வேகமாக்கிவிட்டான். நயினாருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டினார். ரிக்கார்டாகிவிட்டால் அது தன் வாயை விட்டுப் போய்விடும், தானாகவே காற்றில் வந்து அவள் காதில் விழும், காதில் தானாக விழுவதில் நியமம் எங்கே கெடப் போகிறது என்று அந்தப் பைத்தியக்கார மனசு கணக்குப் போட்டது.

வைகாசியில் அடுத்த தெருவில் ஒரு கல்யாணம். நயினார் பச்சமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஒரு ஸ்பீக்கர் கொழாய எங்க ஊட்டுப் பக்கம் திருப்பிக் கட்டுப்பா. சாயங்காலமா அந்தப் பாட்டப் போடு.”

“சம்சாரத்துக்கா? நடத்துங்க, நடத்துங்க!” என்று அவன் சிரித்தான்.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு எழ வேண்டிய சமண வீடு. அனந்தமதி அவருக்குச் சோறு போட்டுவிட்டுத் தனக்கும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் கவளத்தை எடுக்கும்போது பாங்கோ அதிர்ந்தது. பின்னாலேயே அவருடைய குரல், வாசல் நிறைய, கூடம் நிறைய. எங்கே ஒளிஞ்சே.

அவள் கையிலிருந்த கவளம் உதிர்ந்தது. எச்சில் கையோடு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பின்கட்டுக்கு ஓடப் பார்த்து, எழுந்திருக்க முடியாமல் அப்படியே சுவரோடு சாய்ந்தாள். கன்னத்திலும் நரைத்த முடியிலும் சோறு. அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தாலாவது அவர் தாங்கியிருப்பார். கெஞ்சல்தான் இருந்தது. மகளுக்காக இத்தனை வருஷம் அவள் கட்டிக் காத்த ஒன்றே ஒன்றைத் தன் கையாலேயே உடைத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஐயோ என்று எழுந்து கை கழுவாமல் ஓடினார். பந்தலில் இளவட்டங்கள் தோளில் கை போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் நேரே போய் ரிக்கார்டு மேலிருந்த முள்ளைத் தூக்கிவிட்டார்.

“யோவ் நயினாரே, உன் பாட்டுதான்யா! இன்னா ஆச்சு உனக்கு?” என்று கூட்டம் கத்தியது.

“போடாத. இனிமே எங்க தெருப்பக்கம் இதப் போடவே போடாத” என்று பச்சமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அனந்தமதி முகம் கழுவிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சோறு அப்படியே இருந்தது. வெளியே இருட்டிவிட்டது, இனி சாப்பாடு கிடையாது.

“நாளைக்கும் உபவாசம் இருக்கணும். காதுல பட்டுடுச்சி” என்றாள்.

“நானும் இருக்கறேன். நான் பண்ண தப்பு.”

அப்புறம் அவள், “அது நம்ம மருதேவியதான பாடனீங்க?” என்றாள். அவர் தலையாட்டினார்.

“ராகம் போடாம சொல்லுங்க. வெறும் பேச்சாச் சொன்னா நியமம் கெடாது.”

நயினார் வாயைத் திறந்தார். இரண்டாவது வார்த்தையிலேயே குரல் மெட்டுக்குச் சறுக்கியது. “இழுக்கறீங்க” என்று அவள் காதுப்பக்கம் கையைக் கொண்டுபோனாள். மறுபடி ஆரம்பித்தார், மறுபடியும் சறுக்கியது. ஆயுசு முழுக்கப் பாட்டாகவே கட்டிப் பழகிய நாக்கு, அவர் சொன்னதைக் கேட்கவில்லை. கடைசியில் பாட்டையே விட்டுவிட்டு, குதிர் இருந்த மூலையைப் பார்த்து, வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னார்.

“எங்க கண்ணு ஒளிஞ்சிக்கினு கீற? நைனா தோத்துட்டேன். வெளிய வா.”

அனந்தமதியும் அந்த மூலையைப் பார்த்தாள்.

“இதுக்கா ஊரே ஆடுது?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, மகள் செத்த அன்றைக்கு அழுத மாதிரி அழுதாள். அவரும் அழுதார். அழுது ஓய்ந்த பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்றாள்.

அவர் சொன்னார்.