பதினொன்றரைக் கிலோ கட்டுக்கம்பி

என் அண்ணன் வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர். ஊரில் அவருக்கு 'ஒரே ரேட்டு' என்று பெயர். வாயால் ஒரு விலை சொல்லிவிட்டால், நடுவில் சிமெண்ட் ஏறினாலும் செங்கல் ஏறினாலும் அவர் ஏற்ற மாட்டார். இதைக் கேட்டு நீங்கள் உருகிவிட வேண்டாம். இருபது வருஷமாக அவரிடம் சூப்பர்வைசராக இருக்கும் தம்பி நான். அந்தப் பெயரைக் காப்பாற்ற எத்தனை மாசம் என் சம்பளம் பாதியாக வந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

இந்தத் தடவை வீடு எங்கள் அக்காவுக்கு. அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்துநாலு வருஷம் துணி வெளுத்தவள். ஓய்வு பெற்றபோது கிடைத்ததை உறையைக்கூடப் பிரிக்காமல் அண்ணன் கையில் கொடுத்தாள்.

"சின்ன வீடு போதும்டா. தகரக் கூரை மட்டும் வேண்டாம். அந்தச் சலவைக்கூடத்துல தகரத்துக்கு அடியில வெந்தது போதும்" என்றாள்.

"தளம் போட்டே தர்றேன்க்கா. ஒரே ரேட்டு. இதுக்கு மேல ஒரு காசு கேட்டா என்னைச் செருப்பால அடி" என்றார் அண்ணன். அக்கா அடிக்க மாட்டாள் என்ற தைரியம்தான்.

சுவர் எழும்பிவிட்டது. தளத்துக்கு ஒரு டன் கம்பி வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக வைத்த கம்பிகளைச் சேர்த்து முடிச்சுப் போடக் கட்டுக்கம்பி, அது பதினொன்றரைக் கிலோ. மற்றவர்கள் பத்து, பன்னிரண்டு என்று முழுசாகக் கேட்பார்கள். அண்ணனுக்கு அரைக் கிலோவைக்கூட விட்டுக்கொடுக்க மனசு வராது. அடுத்த மாசக் கடைசியில் அக்கா வாடகை அறையைக் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்காரர் மகன் இப்போதே பெட்டியோடு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

அண்ணனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கான்ட்ராக்டர் முகத்தைப் பார்த்தாலே கடைக்காரன் விலையைக் கூட்டுவான் என்பார். அதனால் அவர் நேரில் போய் விலை கேட்கவே மாட்டார், வீட்டாரைத்தான் அனுப்புவார். ஊரில் ஏழு கம்பிக்கடை. அண்ணி, அண்ணியின் தங்கை, மாப்பிள்ளை, சம்பந்தி, சித்தப்பா, அத்தை, கடைசியில் நான். ஏழு பேர் கையிலும் ஒரே துண்டுச்சீட்டு: கம்பி ஒரு டன், கட்டுக்கம்பி பதினொன்றரைக் கிலோ.

"எதுக்குன்னு கேட்டா மூச்சு விடக்கூடாது. சிரிச்சுட்டு வந்துடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஏழு கடைக்கும் சரக்கு வருவது ஊருக்கு வெளியே இருக்கும் ஒரே கிடங்கிலிருந்து. இது எங்கள் ஏழு பேருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. கிடங்குக்காரருக்கு ஒரே காலையில் ஏழு கடையிலிருந்தும் போன். சாயங்காலம் கம்பி விலை ஏறிவிட்டது.

"பாத்தியா, நேத்தே வாங்கியிருக்கணும்! எவனோ மொத்தமா அள்றான்டா" என்று அண்ணன் என்மேல் பாய்ந்தார். நானா ஏற்றினேன்? அடுத்த நாள் பதினொரு பேரை அனுப்பினார். ஆள் போதாமல் பக்கத்து வீட்டு டைப்பிஸ்டும் போனாள். விலை மறுபடியும் ஏறியது.

இதில் பெரிய வேலையைப் பார்த்தவர் சம்பந்திதான். பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், எங்கே போனாலும் சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே செருகிக்கொண்டுதான் போவார். "எதுக்கு சார் கம்பி?" என்று கடைக்காரன் கேட்க, இவர் அண்ணன் சொன்னபடியே சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்தவன் இது அரசாங்க வேலை, ரகசியம் என்று முடிவு கட்டிவிட்டான். அன்று மத்தியானமே ஊருக்குப் பாலம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. எங்கள் ஊரில் ஆறு கிடையாது. அது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை.

மூன்றாம் நாள் மணல் லாரிக்காரன் ஏற்றினான். ஜல்லிக்காரன் ஏற்றினான். மேஸ்திரி கூலியைக் கூட்டிக் கேட்டார். முடிவெட்டப் போனேன், அங்கேயும் கூடுதல்.

"ஏன்யா, உன் கத்தரிக்கோல்ல கம்பியா போட்டிருக்கு?" என்று கத்தினேன்.

"பாலம் வருதுல்ல" என்றான், சாவகாசமாக.

அண்ணனும் பாலத்தை நம்பினார். ராத்திரி பகலாக அந்தப் பாலம் கட்டப் போகிறவனைத் திட்டினார். "ஒரு பொம்பளை தலைக்கு மேல ஒரு தளம் போட விடாம பண்றானே பாவி, அவன் நல்லா இருப்பானா?" என்றார். அண்ணி மட்டும், "பாவம், அவருக்கும் குடும்பம் இருக்கும்ல" என்றாள். அக்கா காதுக்கு இதெல்லாம் போகக்கூடாது என்பது அண்ணனின் கண்டிப்பான உத்தரவு.

நாலாம் நாள் வேறு வழியில்லாமல் அண்ணனும் நானும் நேராகக் கிடங்குக்கே போனோம். கிடங்குக்காரர் எங்களை உட்கார வைத்து, கதவைச் சாத்தி, ஒரு நோட்டை விரித்தார்.

"நீங்க நம்ம ஆளு, அதனால காட்டுறேன். மூணு நாள்ல பதினெட்டுப் பேர்! பாலத்துக்காரங்க கில்லாடிங்க. ஆளுக்கு ஒரு டன்னா பிரிச்சுக் கேக்குறாங்க பாருங்க."

பார்த்தோம். ஒரு டன், கட்டுக்கம்பி பதினொன்றரை. ஒரு டன், கட்டுக்கம்பி பதினொன்றரை. பக்கம் முழுக்க அதுவேதான். எனக்குக் காது சூடாகிவிட்டது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடியும் படித்தார்.

"இது... எல்லாம் நாங்கதான்யா" என்றார்.

கிடங்குக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு தளத்துக்குப் பதினெட்டு டன்னா? சும்மா இருங்க சார்."

அண்ணன் சத்தியம் செய்தார். துண்டுச்சீட்டை எடுத்துக் காட்டினார். கிடங்குக்காரர் சிரிப்பை நிறுத்தி, சீட்டை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார்.

"நீங்க சொல்றது நிசமாவே இருந்தாலும் இனி இறக்க முடியாது. ஏறின விலையில ஆலைக்கு அம்பது டன் சொல்லி அட்வான்சும் கொடுத்துட்டேன்" என்றார். பிறகு நோட்டைப் புரட்டி, "ஒரு ஆள் மட்டும்தான் உங்க கணக்குல வரலை. நேத்து ஒரு வயசான அம்மா நேராவே வந்தாங்க. அவங்க கம்பி கேக்கலை, தகரம் கேட்டாங்க. தகரமும் நேத்துல இருந்து ஏறுது, ஏன்னு தெரியலை" என்றார்.

"எந்த அம்மா?"

"பேர் கேக்கலைங்க. கை ரெண்டும் வெளுத்துப்போய், தோல் உரிஞ்சு இருந்துச்சு. சுவரெல்லாம் எழுப்பியாச்சு, மேல மூடத் தகரம் எத்தனை ஆகும்னு கேட்டாங்க. கம்பி ஏறிடுச்சுன்னு காதுல விழுந்துச்சாம், தம்பிக்குத் தெரியாம வாங்கணுமாம்."

அண்ணன் எழுந்துகொண்டார். வெளியே கம்பிக்கட்டின்மேல் உட்கார்ந்து அழுதார். ஐம்பத்தாறு வயது மனுஷன், சுமை தூக்குகிறவர்கள் எல்லாம் பார்க்க அழுதார். இந்தக் குடும்பத்தில் யாருக்குமே புத்தி கிடையாது என்று சத்தமாகத் திட்டிக்கொண்டே என் துண்டை அவரிடம் நீட்டினேன்.

அன்றே அண்ணன் தன் கலவை மிஷினை மேஸ்திரிக்கு விற்று, எங்கள் குடும்பம் கூடி ஏற்றிய அந்த விலைக்கே கம்பியை வாங்கினார். பதினொன்றரைக் கிலோ கட்டுக்கம்பியும் வாங்கினார், பன்னிரண்டாக்க அப்போதும் மனசு வரவில்லை. தளம் போடும் நாளில் அதே மிஷினை மேஸ்திரியிடம் வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. மேஸ்திரி வாடகையைக் கூட்டிக் கேட்டார். பாலம் வருகிறதாம்.

கலவை ஏறிக்கொண்டிருந்தபோது அக்கா குடையோடு வந்தாள். ஏணியில் நாலு படி ஏறி, விரித்துக் கட்டிய கம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினாள்.

"பழைய விலைதானேடா?"

"ஆமாக்கா. ஒரே ரேட்டு."

"பொய் சொல்லாதே. தகரமே அந்த ஏத்தம் ஏறிடுச்சு. கம்பி மட்டும் சும்மா இருக்குமா?"

"தகரம் ஏறினது உனக்கு எப்படிக்கா தெரியும்? எத்தனை கடையில கேட்டே?" என்றார் அண்ணன், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

"ஆறு கடையில கேட்டுட்டு, கடைசியில கிடங்குக்கும் போனேன். ஒரே கடையில கேட்டு ஏமாறக்கூடாதுன்னு நீதானே சொல்லுவே" என்றாள் அக்கா. "முதல் கடையில சொன்ன விலைக்கே வாங்கியிருப்பேன்டா. ஆனா திரும்பவும் தகரமான்னு நினைச்சா கால் வரலை. அதான் ஒவ்வொரு கடையா கேட்டுக்கிட்டே போனேன்."

அண்ணன் ஈரக் கலவைச் சட்டியை ஆளிடமிருந்து வாங்கித் தானே தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.