படுக்கவைத்த எழுத்து

போன வருடம் ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் நடந்தது இது. குமாரபாளையத்தில் துண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் லேபிள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கோலியாவில் ஒரு ஹோட்டலுக்கு முந்நூறு துண்டு ஆர்டர். ஒவ்வொரு துண்டிலும் ஹோட்டல் பெயரை இரண்டு லேபிள்களாகத் தைக்க வேண்டும். அவர்கள் மொழி ஒன்றுதான், எழுத்துதான் இரண்டு. ஒன்று ரஷ்ய எழுத்து மாதிரி, இன்னொன்று அவர்களுடைய பழைய எழுத்து. லேபிள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தார்கள்.

அந்த வாரத் தொடக்கத்தில், தையல்கார அக்கா பழைய எழுத்து லேபிளைச் செங்குத்தாக வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். "என்னக்கா, எழுத்த நிக்க வெச்சுத் தெக்கறீங்க?" என்றேன்.

"போட்டோவுல நின்னுட்டுத்தானே இருக்குது சாமி?"

நான்தான் படித்த மேதாவி ஆயிற்றே! எந்த ஊரில் எழுத்து நிற்கும்? போட்டோதான் திரும்பியிருக்கிறது என்று சொல்லி, தைத்ததையெல்லாம் பிரிக்கவைத்து, படுக்கவைத்துத் தைக்கச் சொன்னேன்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் மதியம் ஹோட்டல்காரப் பெண்மணி சரக்கைப் பார்க்க வந்தார். மாலை ஆறு மணிக்குத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி. துண்டை எடுத்தவர் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு துண்டையே திருப்பிப் பிடித்து, லேபிள்மேல் மேலிருந்து கீழாக விரலை ஓட்டிக் காட்டினார். அந்த எழுத்தை அப்படித்தான் எழுதுவார்களாம்.

முதலாளி நேராக அக்காவிடம் போனார். "போட்டோ குடுத்தும் இப்பிடியா தெப்பே? நாளையிலிருந்து வராதே, கெளம்பு!"

அந்த வேலையை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. அக்கா என்னைப் பார்த்தார். என் வேலை போய்விடுமே என்ற பயத்தில் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவர் மெஷினை நிறுத்தி, டிபன் டப்பாவைப் பையில் வைத்து, வாசலுக்குப் போய்ச் செருப்பையும் மாட்டிவிட்டார்.

"அக்கா சரியாத்தானுங்க தெச்சாங்க. நான்தான் பிரிக்கச் சொன்னேன்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.

முதலாளி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆனால் யாரையும் வேலையை விட்டு அனுப்ப நேரமில்லை. அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். தையல்காரர்கள் எல்லோரும் தைக்க, நான் தரையில் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தேன். லாரி ஒரு மணி நேரம் காத்திருந்து கிளம்பியது.

"பயந்துட்டியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார் அக்கா.

மெஷினிலிருந்து வாசலுக்கு இருபது அடிதான். அவர் அவ்வளவு தூரமும் நடக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேனே என்பது இன்றும் என்னைக் குத்துகிறது, அதனால்தான் இப்போதெல்லாம் தப்பு என்னுடையது என்றால் யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.