லேபர் கேம்ப்பில் ஒத்திகை பார்த்த வாக்கியம்

ஞாயிறு, காலை 6.10. திருநெல்வேலியில் ஏறி ஒன்றரை நாள் கழித்துத் தாதரில் இறங்கினேன். தாராவியில் இருக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்கு மூன்று கிலோமீட்டர்தான். டாக்ஸிக்காரர் எண்பது கேட்டு அறுபதுக்கு இறங்கினார். என்னோடு பாளையங்கோட்டையில் பத்தாவது வரை படித்த சகாயம் சந்து முனையிலேயே நின்றிருந்தான்.

காலை 8.00. பத்துக்குப் பதினைந்து அடி அறை, மேலே ஒரு பரண். சகாயத்துக்கு அடுத்த மாதம் ஐம்பத்தெட்டில் வேலையிலிருந்து ஓய்வு; எனக்கு இன்னும் இரண்டு வருடம் உண்டு. மகள் ஜெனிஃபருக்கு மறுநாள் பாந்த்ராவில் நேர்காணல். அதில் தேறினால்தான் வீட்டில் சம்பளம் தொடரும். மாதம் ஆயிரத்து ஐந்நூறு கட்டி ஆங்கில மரபுத்தொடர்கள் படித்திருந்தாள். நான் இங்கிலீஷ் வாத்தியார் அல்லவா, என்னிடம் ஒத்திகை பார்த்தாள். பணக்காரப் பிள்ளை வெள்ளி ஸ்பூனோடு பிறக்கும் என்றாள்.

“எவர்சில்வர் கரண்டியோட பொறந்தவளுக்கு என்ன சொல்லணுமாம்?” என்றான் சகாயம்.

பழைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டேன். “தாராவி அட்ரஸ் பார்த்த பிறகு, தே ட்ரீட்டட் மீ லைக் எ பரையா” என்றாள், சரளமாக.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அப்படின்னா?” என்றான் சகாயம்.

“மத்லப், எல்லாரும் தள்ளி வெப்பாங்கள்ல, அந்த மாதிரி ஆளுப்பா.”

அவன் என்னைப் பார்த்தான். “ஏல, இது நம்மூருச் சொல்லால்லா இருக்கு?”

மறைக்க முடியவில்லை. பறையர் என்ற சாதிப் பெயரைத்தான் வெள்ளைக்காரன் இங்கிருந்து கொண்டுபோய், ஒதுக்கப்பட்டவன் என்று தன் அகராதியில் வைத்தான் என்றேன். அது சகாயத்தின் சாதி. ஊரில் அவன் தெரு வேறு, என் தெரு வேறு.

சகாயம் டீயைக் கீழே வைத்தான். “இந்தச் சொல்லு வேண்டாம்னுதாம்ல பதினெட்டு வயசுல ரயில் ஏறுனேன். இவ துட்டு கட்டி அதயே படிச்சிட்டு வந்திருக்கா.” பிறகு கேட்டான், “நீயும் இத சொல்லிக் குடுக்கியோ?”

“இருபத்திரண்டு வருசமா.”

ஜெனிஃபர் நோட்டை மூடிவிட்டாள். அன்று அந்த வீட்டில் சாப்பிடவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவன்தான் மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தான்.

திங்கள், மாலை 5.30. திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்: “பழைய ஆபீஸ்ல யாரும் என்கூட உக்காந்து சாப்பிட மாட்டாங்க, அதான் விட்டேன்னு சிம்பிளா சொல்லிட்டேன் அங்கிள். கேள்வி கேட்ட மேடம் எழுதறத நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க.”

புதன், பகல் 11.00. வேலை கிடைத்த செய்தி அவள் போனில் வந்தது. அன்றே எனக்கு ரயில். தாதர் வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்த சகாயம், “ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்தா என்ன செய்வ?” என்றான். பையை வாங்கிக்கொண்டு வண்டி ஏறினேன்.

கல்யாண் தாண்டியும் மனம் ஆறவில்லை. அந்தச் சொல்லின் பூர்வீகம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் உறைக்காமல் இருந்ததுதான் கேவலம். என் வகுப்பில் சகாயத்தின் தெருப் பிள்ளைகள் எந்த வருடமும் இல்லாமல் இருந்ததில்லை. அந்தச் சொல் வரும் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்பேன். அவர்களில் ஒருவரும் கை தூக்கியதில்லை. நன்றாக நடத்திவிட்டோம் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.