பியோனிக்கு நடுவில்

பிள்ளையார்பாளையத்தில் கிருஷ்ணவேணியைத் தெரியாத தறிக்காரர் கிடையாது. புடவையில் என்ன பூ விழ வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பவள் அவள்தான். வருஷக்கணக்காக மாங்காய், அன்னம், ருத்ராட்சம். இப்போது புதிதாக ஒரு கண்றாவி: மாப்பிள்ளையின் மூஞ்சியை முந்தானையில் போடச் சொல்கிறார்கள். பல்லைக் காட்டும் மாப்பிள்ளைகளை ஜரிகையில் வரைந்து வரைந்து அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

கப்பலில் சமையல் வேலை பார்க்கும் தம்பி முத்துக்குமார் சீனாவிலிருந்து ஒரு வெள்ளி நாணயம் கொண்டுவந்தான். செலவழிக்க அல்ல, சேர்த்து வைப்பவர்களுக்கென்றே அடித்தது. அதில் ஒரு பூ. பியோனி என்று பெயராம். அந்த ஊரில் பூக்களுக்கெல்லாம் அதுதான் ராஜாவாம். பழைய ஓவியங்களில் அது இருந்தால் செல்வமும் மரியாதையும் சேர்ந்திருப்பதாக அர்த்தமாம். கிருஷ்ணவேணி லென்ஸ் வைத்துப் பார்த்தாள். இதழுக்குள் இதழ், ஒவ்வொன்றிலும் மயிரிழைக் கோடுகள், மேலே பனி படிந்தது போல ஒரு மங்கல் வெண்மை. ஒரு புடவையாவது இந்தப் பூவோடு தறியிலிருந்து இறங்க வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது.

வெளி இதழ்களை வரைந்ததும், நாணயத்தையும் எடுத்துக்கொண்டு போய்ப் பட்டுக்கடை முதலாளி மாணிக்கவேலிடம் காட்டினாள்.

"நல்லா இருக்குதேமா. பெரிய இடத்துக் கல்யாணம் ஒண்ணு வருது. அவங்ககிட்ட காட்டிட்டுத் தரேன்" என்று நாணயத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

அதோடு சரி. வெள்ளிக்கிழமை போய்க் கேட்டால், "வெள்ளிக்கிழமை அதுவுமா வெள்ளிய வெளிய குடுப்பாங்களாமா?" என்றார். செவ்வாயும் ஆகாது. மற்ற நாளில் ஆளே அகப்படவில்லை. வைகாசியில் கொடுத்தது, ஆவணியும் வந்துவிட்டது. அந்தக் கல்யாணப் புடவைக்குத் தறியில் பாவு நூலும் ஏற்றியாயிற்று. அவள் எடுத்து வைத்திருந்த செல்போன் படத்தில் நடு இதழ்களின் கோடுகள் தெரியவே இல்லை.

ஒரு புதன்கிழமை அவர் வீட்டுக்கே போய் நின்றாள். நாணயம் பூஜை அறையில் இருந்தது. சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்துப் பார்த்தாள். கோடும் இல்லை, இதழும் இல்லை. ஊசிப்போன வடை மாதிரி ஒரு மேடு.

"வாராவாரம் விபூதி வெச்சுக் கம்பி நாரால தேய்க்கிறோம்மா. மேல மாவு மாதிரி அழுக்கு இருந்துச்சு. அது போறதுக்கே ஒரு மாசம் ஆச்சு. இப்ப பாரு, எப்படிப் பளபளன்னு இருக்குது" என்றார் மாணிக்கவேல்.

அழுக்காம். தேய்த்த அந்தக் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நடுவுல என்ன போடறதுன்னு கவலப்படாத. மாப்பிள்ள மூஞ்சியப் போட்டுடு. கல்யாண வீட்டுக்காரங்களும் அதத்தான் கேட்டுக்கினு இருக்காங்க."

வாயைத் திறந்தால் துப்பிவிடுவோம் என்று பயந்து, நாணயத்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். அன்றைக்கே பூவின் நடுவை ஒரு புள்ளிகூட வைக்காமல் வெறும் வட்டமாக விட்டுத் தறிக்கு அனுப்பினாள்.

புடவை இறங்கியதும் மாணிக்கவேல் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். "இன்னாமா, நடுவுல மொட்டையா இருக்குது?"

"அது நீங்க தேய்ச்சதுங்க."

அவர் சிரித்தார். அதற்குள் கல்யாண வீட்டார் வந்துவிட்டார்கள். அவர்களிடம் புடவையை விரித்து, "இந்த வட்டம் பாருங்க, குங்குமம் வெக்கிறதுக்குன்னே விட்டிருக்குது" என்றார். பெண்ணின் அம்மா அந்தப் புடவையின் முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இதே மாதிரி சம்பந்திக்கும் ஒன்று வேண்டும் என்றாள்.

கிருஷ்ணவேணி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். நாணயத்தை அவள் கேட்கவில்லை. அன்றைக்கு வியாழக்கிழமை, கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.