வெற்றிலைத் தோட்டத்தைத் தாண்டிய ராமாமிர்தம்

காரைக்காலில் இருந்தவரை ராமாமிர்தம் அப்படியொன்றும் ஆசாரம் பார்த்தவள் அல்ல. பார்க்க வைப்பதற்கு அங்கே மாமியாரும் இரண்டு நாத்தனார்களும் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவுவதில் ஒரு சுகமும் இருந்தது. கப்பலேறி சைகோனுக்கு வந்த பிறகு கேட்பாரில்லை. கேட்பாரில்லாத இடத்தில் மீறுவதில் என்ன ருசி? ஆகவே மாதத்தில் மூன்று நாள் அவள் தானாகவே பின்கட்டு மூலையில் ஒதுங்கினாள். தனித் தட்டு, தனிச் செம்பு, தனிப் பாய். கணவன் பழனியப்பன் பொங்கிய சோற்றை எட்ட வைத்துவிட்டுப் போவான். அது குழைந்திருந்தாலும் அந்த மூன்று நாள் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள்.

பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் அவளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் வேலை. வகுப்பு நாள் அந்த மூன்றில் விழுந்தால், ‘மலேரியா’ என்று சீட்டு எழுதி அனுப்புவாள். காலண்டரைப் பார்த்து வரும் இந்தக் காய்ச்சலைப் பள்ளித் தலைவியான பெரிய மதாம் பத்து வருஷமாகச் சந்தேகிக்கவில்லை. வெயில் நாட்டில் எல்லாம் நடக்கும் என்பது அந்தப் பிரெஞ்சுக்கார அம்மாளின் எண்ணம்.

அதனால்தான், ஹோக் மோனிலிருந்து ட்ராமில் வந்து படிக்கும் கிராமத்துப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் மாதாமாதம் நாலு நாள் மலேரியா வருகிறது என்று ஆசிரியைகள் கவலைப்பட்டபோது, ராமாமிர்தத்துக்கு மட்டும் சிரிப்பு வந்தது. என்ன காய்ச்சல் என்று அவளுக்குத் தெரியாதா?

விசாரித்தாள். வெள்ளைச் சீருடை, ஒரு மணி நேர ட்ராம், பெஞ்சில் பக்கத்தில் ஆண்கள். போன வருஷம் ஒருத்தி எழுந்தபோது பெஞ்சில் கறை இருந்ததாம். அவள் அன்றைக்கு இறங்கிப் போனவள்தான், பிறகு பள்ளிக்கூடத்தின் பக்கமே வரவில்லை.

ராமாமிர்தம் நேரே ஜெய்னுலாபுதீன் ஜவுளிக்கடைக்குப் போய் வெட்டுத்துணி கேட்டாள்.

“எதுக்குத் தங்கச்சி இத்தனை?”

“பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு, பாய். தையல் பழக.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தையல் பழகவா, சரி. நம்ம வூட்லயும் மூணு பொண்ணுங்க இருக்குதுவோ. வெறும் பருத்தி தாங்காது. உள்ளுக்கு ஃபிளானல் வெச்சுத் தைக்கச் சொல்லு.” ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டார்.

அடுத்த மூன்று நாள் விலக்கில் அவள் மூலையில் உட்கார்ந்தபடியே தைத்துத் தள்ளினாள். தீட்டுத் துணி என்று யாரும் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. இதைவிடப் பத்திரமான தொழிற்கூடம் சைகோனில் வேறு கிடையாது. நாலு மடிப்பு, நடுவே ஃபிளானல், இரு முனையிலும் காது, காதில் கோத்து இடுப்பில் கட்ட ஒரு கயிறு.

பழனியப்பன் எட்ட நின்று பார்த்தான். “இது நம்ம ஊரு கோமணம்ல்ல?”

“ஆமா. ஆம்பளைங்க கண்டுபிடிச்சதுல உருப்படியானது இது ஒண்ணுதான்.”

“நீ மூலையில உக்காந்துக்கிட்டு ஊரான் புள்ளைய பள்ளிக்கூடத்துக்குப் போங்கறியே, நல்லாருக்கா?”

“நான் உக்கார்றது சாமிக்கு. அவளுவ போறது படிப்புக்கு. இது ரெண்டையும் ஏன் போட்டுக் குழப்புறீங்க?”

துவைப்பது எப்படி, வெயிலில் காயவைக்காவிட்டால் என்னென்ன வரும் என்பதையெல்லாம் அந்த நாட்டுக்காரர்களின் அன்னமித்து மொழியில் தனக்குத் தெரிந்த அரைகுறையில், மிச்சத்துக்குக் கையை ஆட்டி, தையல் வகுப்பில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். இரண்டே மாதத்தில் பதினோரு பெண்களுக்கு மலேரியா அடியோடு விட்டுப் போயிற்று. ஆசிரியைகள் புதிய கொயினா மாத்திரையைப் புகழ்ந்தார்கள்.

பன்னிரண்டாமவள் லியேன். வகுப்பில் முதல் பெண். துணியை வாங்கிக்கொண்டாள், ஆனால் அந்த நாலு நாளும் வரவேயில்லை. துணி என்ன செய்யும்? அவள் வீடு அம்மாவின் வெற்றிலைத் தோட்டத்துக்குப் பின்னால் இருந்தது. சாலைக்கு வர வேண்டுமானால் கொடிகளுக்கு நடுவே நடக்க வேண்டும். விலக்கான பெண் நுழைந்தால் கொடி பழுத்துப்போகும் என்பது அம்மாவின் நம்பிக்கை. பள்ளிப் படிப்பை முடிக்கும் செர்த்திபிகா பரீட்சை வருஷத்தில் ஒரே ஒரு நாள். இந்த வருஷம் தேறாவிட்டால் அவளும் வெற்றிலை கிள்ள வேண்டியதுதான் என்று அம்மா முடிவாகச் சொல்லியிருந்தாள்.

பரீட்சை அன்று காலை ஆறு மணி. ட்ராமில் டிக்கெட் கிழிக்கும் பழனியப்பன் முதல் நடையை முடித்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து, வாசலில் நின்றே கத்தினான்.

“பதினோரு பேருதான் வந்துருக்கு! அந்தக் கெட்டிக்காரப் பொண்ணு வரலை. நேத்துலேர்ந்து தூரமாம். தோட்டத்தைத் தாண்டக் கூடாதுன்னு ஆத்தாக்காரி அடைச்சு வெச்சிருக்கா!”

ராமாமிர்தத்துக்கு அன்று இரண்டாம் நாள். பாயில் உட்கார்ந்திருந்தவள் கணக்குப் போட்டாள். ஆறரைக்கு ட்ராம். ஏழரைக்கு ஹோக் மோன். எட்டுக்குத் திரும்பும். ஒன்பதுக்குச் சைகோன். ஒன்பதரைக்குப் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது ‘ப்ரெஸான்’ என்று சொல்லாதவளுக்குத் தாள் கிடையாது.

எழுந்து புடவையை உதறிச் செருகினாள்.

“எங்கடி கிளம்பிட்டே? இன்னும் ஒரு நாள் இருக்குல்ல?”

“இருக்கட்டும். தலைக்கு ரெண்டு சொம்பு கூட ஊத்திக்கிறேன். நடங்க!”

ட்ராமில் பழனியப்பன் பெரிய சங்கடத்தில் மாட்டிக்கொண்டான். பெண்டாட்டிக்கு டிக்கெட் கிழிக்காமல் விட்டால் வேலை போகும். கையில் கொடுத்தால் தீட்டு. டிக்கெட்டைக் கிழித்து பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கினான். எதிரே வாத்துக்கூடையோடு இருந்த கிழவர், புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை போல என்று நினைத்து அவனுக்குத் தன் சுருட்டை நீட்டி ஆறுதல் சொன்னார்.

ஹோக் மோனில் இறங்கியதும் ராமாமிர்தம் ஓடினாள். முப்பத்தோரு வயதில், காரைக்கால் புடவையில், பார்த்தவர்கள் நின்று பார்க்கும்படி ஓடினாள். கொடிகள் ஆளுயரத்துக்குக் கொம்பில் ஏறி நின்றன. ஈர மண், பச்சை வாசனை, கன்னத்தில் உரசும் இலை. உள்ளே பாதி தூரம் போன பிறகுதான் தான் இருக்கும் நிலை அவளுக்கு நினைவு வந்தது. ஒரு கணம் நின்றாள். ஊரிலும் கொடிக்கால் பக்கம் போகாத நாள் இது. மாரியாத்தா, பார்த்துக்க என்று முனகிவிட்டு மறுபடி ஓடினாள்.

வாசலில் லியேனின் அம்மா வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே சீருடை போட்டுத் தயாராக, அழுது முடித்த முகத்தோடு லியேன்.

“மதாம், வீணா வந்தீங்க. இன்னிக்கு இவ தோட்டத்துல கால் வைக்க முடியாது,” என்றாள் அம்மா.

“தெரியும். எனக்கும் இன்னிக்கு ரெண்டாம் நாள்.”

அம்மாவின் கையிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றது. “நீங்க... எந்த வழியா வந்தீங்க?”

“வேற வழி இருக்கா? நடுத் தோட்டம் வழியா, ரெண்டு பக்கமும் உரசிக்கிட்டுத்தான்.”

அந்த அம்மாள் போட்ட கூச்சலில் கோழிகள் கூரை ஏறின. அன்னமித்து மொழியில் அத்தனை வசவு உண்டு என்று பதினோரு வருஷத்தில் ராமாமிர்தத்துக்குத் தெரியாது. மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டு முடித்தாள். பிறகு சொன்னாள்:

“கெடறதா இருந்தா என்னால கெட்டாச்சு. இனிமே இவ நடந்து புதுசா என்ன கெடப்போவுது? கெடாதுன்னா, இவ நடந்தாலும் கெடாது. எப்படிப் பார்த்தாலும் அனுப்பலாம்ல?”

தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அம்மாவுக்கு ஆத்திரம். அந்த ஆத்திரம் தணிவதற்குள் ராமாமிர்தம் லியேனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் பாய்ந்திருந்தாள். “ஓடு! இலையைப் பார்க்காதே, ஓடு!”

எட்டு அடித்து இரண்டு நிமிஷமாகியும் ட்ராம் கிளம்பவில்லை. வாழ்நாளில் ஒரு நிமிஷம் தாமதிக்காத பழனியப்பன், பன்றிக்குட்டி கொண்டுவந்த ஒரு மனிதனிடம், குட்டிக்கு முழு டிக்கெட்டா அரை டிக்கெட்டா என்று தொண்டை கிழிய வாதாடிக்கொண்டிருந்தான். தூரத்தில் புடவை தெரிந்ததும், “சரி போ, டிக்கெட்டே வேண்டாம்!” என்று மணியை அடித்தான்.

ஒன்பதரைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது லியேன் பள்ளி வாசலில் நுழைந்தாள். செருப்பில் ஹோக் மோன் சேறு, முகத்தில் வேர்வை. வெள்ளைச் சீருடை மட்டும் வெள்ளையாகவே இருந்தது. பெயர் கூப்பிட்டார்கள். “ப்ரெஸான்!” என்று அவள் போட்ட சத்தத்தில் பரீட்சை அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். கேட்டுக்கு வெளியே ராமாமிர்தம் கைகொட்டினாள்.

முடிவை அன்று மாலையே வாசித்தார்கள். கேட்டோரம் கூட்டம். லியேனின் அம்மாவும் ட்ராம் ஏறி வந்து, ராமாமிர்தத்துக்கு நாலடி தள்ளி, அவளைப் பார்க்காமல் நின்றாள். மூன்றாவதாக லியேனின் பெயர் வந்தது. அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. மகள் குதித்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். வெற்றிலைக் காவி ஏறிய உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நாலடி இரண்டடியாயிற்று.

“மத்தியானம் வரைக்கும் கொடியையே பார்த்துக்கிட்டிருந்தேன்,” என்றாள். “ஒரு இலைகூடப் பழுக்கலை.”

“நான்தான் சொன்னேனே.”

“நீங்க சொன்னது இருக்கட்டும். எதுக்கு வம்பு? பின்வேலியைப் பிரிச்சு, பக்கத்துக் குளக்கரையோட ரோட்டுக்கு ஒரு வழி வெட்டிட்டேன். இனிமே அந்த நாளுல இவ அதுல போவட்டும், நாளைக்கு இவ தங்கச்சியும் போவட்டும். தோட்டத்துக்குள்ள மட்டும் யாரும் வரக்கூடாது.” பிறகு விரலை நீட்டி, “முக்கியமா நீங்க!” என்றாள்.